தப்பான பதிலே இல்லாத விளையாட்டு

முதலில் இருந்தது ஒரு பலகை. முதியோர் இல்லத்துக் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டியிருப்பார்கள். இல்லத்தின் பெயர், கிழமை, தேதி, வானிலை, அடுத்த சாப்பாடு எது, அடுத்து வரும் பண்டிகை எது என்று வரிசையாக எழுதியிருக்கும். இன்று செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. அடுத்தது மதியச் சாப்பாடு. தினமும் காலையில் யாராவது ஒருவர் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அவர் மறந்துபோனால் இல்லம் முழுக்க நேற்றிலேயே நிற்கும்.

மறதிநோய்க்கு மருந்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத காலத்தில் இந்தப் பலகைதான் வைத்தியம். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் முதியவர்கள் வட்டமாக உட்கார்ந்து, பந்து எறிந்து, பாட்டுப் பாடி, பழைய காசுகளைப் புரட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்களே, அந்த 'சி.எஸ்.டி.' அமர்வுகள் இந்தப் பலகையிலிருந்து கிளைத்தவை. முழுப்பெயர் காக்னிடிவ் ஸ்டிமுலேஷன் தெரபி. தமிழில் அறிவுத்தூண்டல் சிகிச்சை எனலாம். பெயரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. உள்ளே நடப்பது என்னவோ விளையாட்டும் அரட்டையும்தான்.

பலகையின் கதை 1958இல், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து டொபீகா நகரில் தொடங்குகிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை அது. ஜேம்ஸ் ஃபோல்சம் அங்கே மனநல மருத்துவர். அந்தக் காலத்து மருத்துவமனைகளில் வயதான, குழம்பிப்போன நோயாளிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, படுக்க வைத்தால் கடமை முடிந்தது. வேறு எதையும் அவர்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் அவர்களும் எதையும் செய்யவில்லை. ஃபோல்சம் கவனித்தது ஒரு சாதாரண விஷயத்தை. இவர்களோடு நாள் முழுக்க இருப்பவர்கள் டாக்டர்கள் அல்ல, நர்ஸ்கள்கூட அல்ல. படுக்கை மாற்றுகிற, தட்டு எடுக்கிற உதவியாளர்கள்தான். அப்படியென்றால் சிகிச்சையை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன?

கொடுத்தார். நோயாளியிடம் பேசும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், எந்த இடம், என்ன நேரம், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார். பிறகு அயோவா மாநிலத்திலும், 1965 முதல் அலபாமாவின் டஸ்கலூசாவிலும் இதை வளர்த்தெடுத்தார். லூசில் டால்பி என்ற செவிலியரோடு சேர்ந்து 1966இல் எழுதிய கட்டுரையோடு இந்த முறைக்கு 'ரியாலிட்டி ஓரியண்டேஷன்' என்ற பெயர் பரவியது. நிஜத்துக்குத் திரும்ப அழைத்துவருதல் என்பது உத்தேசம். நாள் முழுக்க நினைவூட்டுவது ஒரு பகுதி. தினமும் அரைமணி நேரம் சிறு வகுப்பாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பது இன்னொரு பகுதி. பலகை இரண்டுக்கும் பொது.

இன்றைக்கு இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 'இவர்களுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று எல்லோரும் கைவிட்டிருந்த நேரத்தில், செய்யலாம் என்று சொல்லி வார்டுக்குள் நுழைந்த முதல் முறைகளில் இது ஒன்று. அந்த மரியாதை ஃபோல்சத்துக்கு உண்டு.

கோளாறு வகுப்பறையில் வந்தது. எண்பது வயதுக்காரர் மாணவர், முப்பது வயதுக்காரர் ஆசிரியர். இன்று என்ன கிழமை? வெள்ளி. இல்லை, செவ்வாய். பலகையைப் பாருங்கள், செவ்வாய். எங்கே, நீங்களே சொல்லுங்கள்? இதைவிடக் கொடுமை, யாராவது "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டால் நிஜத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி. உங்கள் அம்மா இறந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. கேட்டவருக்கு அது அந்த நிமிடம் வந்த சாவுச் செய்தி. அழுது ஓய்ந்து, மறந்து, மறுநாள் மறுபடியும் கேட்பார். மறுபடியும் சொல்வார்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் நவோமி ஃபெயில் என்பவர் இதைத்தான் முதலில் தூக்கி எறிந்தார். முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர் அவர். அப்பா அந்த இல்லத்தின் நிர்வாகி. பெரியவளாகி அங்கேயே குழு நடத்தப் போனபோது, குழம்பியவர்களை நிஜத்துக்கு இழுத்து வருவதை விட்டுவிட்டு, அவர்கள் இருக்கிற இடத்துக்குத் தான் போய்ப் பேசுவது என்று முடிவெடுத்தார். இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டில், டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். மறதிநோய்க்காரரை அவருடைய மூளை மட்டும் கெடுப்பதில்லை, சுற்றியிருப்பவர்களும் கெடுக்கிறோம் என்று 1997இல் வந்த தன் புத்தகத்தில் 17 வகையான சிறுமைகளைப் பட்டியலிட்டார். ஏமாற்றுவது, குழந்தையாக்குவது, அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பேசுவது, அவர் முன்னாலேயே அவரைப் பற்றி அவர் இல்லாததுபோல் பேசுவது, கேலி செய்வது என்று நீளும் அந்தப் பட்டியலில், எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்கிற காரியம் ஒன்றுகூட இல்லை.

நம் வீடுகளில் பலகை மாட்டும் வழக்கம் இல்லை. அதற்குப் பதில் விருந்தாளிகள் வருவார்கள். செருப்பைக் கழற்றிய கையோடு கட்டிலுக்குப் போய்க் குனிந்து, "பெரியம்மா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். பெரியம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு சமாளிப்பு. "தெரியாம என்ன? நீதான்" என்பார். "நீதான்னா யாரு? பேர் சொல்லுங்க." பெரியம்மாவின் கண் மருமகள் முகத்துக்கு ஓடும். மருமகள் வாயசைத்துக் காட்டுவாள். "நம்ம செல்வி மகன்" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னால், "பாத்தியா, ஞாபகம் இருக்கு!" என்று கூடம் முழுக்கக் கைதட்டல். சொல்லாவிட்டால் ஒரு பெருமூச்சு, "ஹும், எல்லாம் போயிருச்சு." இரண்டும் அவர் காதில் விழும். கேள்வி கேட்டவர் அன்பால்தான் கேட்டார். ஃபோல்சத்தின் உதவியாளர்களும் அன்பால்தான் கேட்டார்கள்.

ஆக, 1990களின் நடுவில் ரியாலிட்டி ஓரியண்டேஷன் பெயர் கெட்டுப்போய்க் கிடந்தது. பிரிட்டனில் அதைப் பற்றிய முக்கியமான நூலை 1982இல் எழுதிய யுனா ஹோல்டனும் பாப் வுட்ஸும், 1995இல் வந்த மூன்றாம் பதிப்பில் தலைப்பையே மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் அட்டையிலிருந்து போய், மறதிநோய்ப் பராமரிப்புக்கான ஆக்கபூர்வமான அணுகுமுறைகள் என்ற பொருளில் புதுப்பெயர் வந்தது.

அந்த நேரத்தில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர் எய்மி ஸ்பெக்டர். மார்ட்டின் ஓரல் என்ற மனநல மருத்துவர் வழிகாட்டி. வேல்ஸின் பாங்கரில் இருந்த வுட்ஸும் கூடவே. ஸ்பெக்டர் முதலில் செய்தது ஆராய்ச்சியில் யாருக்கும் பிடிக்காத வேலை: பழைய கணக்கைத் திறந்து பார்ப்பது. ரியாலிட்டி ஓரியண்டேஷனைக் குலுக்கல் முறையில் ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகள் எத்தனை என்று தேடினார். ஆறு கிடைத்தன, எல்லாம் சேர்த்து 125 பேர். கூட்டிப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம். எல்லோரும் காறித் துப்பிய அந்த முறை, அறிவாற்றலிலும் நடத்தையிலும் ஓரளவு பலன் கொடுத்துத்தான் இருந்தது.

இது சங்கடமான முடிவு. மனதைப் புண்படுத்துகிறது, ஆனால் வேலை செய்கிறது. இப்படி ஒன்றை என்ன செய்வது? 2001இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வியாக இருந்தது: ரியாலிட்டி ஓரியண்டேஷனுக்கு மறுவாழ்வு தர முடியுமா?

அவர்கள் கண்ட வழி, வகுப்பறையை எடுத்துவிட்டு மூளைக்கு வேலை கொடுக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது. முந்தைய ஆய்வுகளில் எந்தெந்தப் பயிற்சி பலித்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கிட்வுட்டின் மரியாதையை அதன்மேல் போர்த்தி, சில இல்லங்களில் முன்னோட்டம் பார்த்து, 14 அமர்வுகளாகத் திட்டம் வகுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு, ஏழு வாரம், ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஐந்து முதல் எட்டுப் பேர், நடத்துவதற்கு இருவர். விளையாட்டு, ஒலி, பிள்ளைப்பிராயம், சாப்பாடு, நாட்டு நடப்பு, முகங்களும் காட்சிகளும், சொல்லுக்குச் சொல், கைவேலை, பொருள்களை இனம்பிரித்தல், ஊரும் வழியும், பணம், எண், எழுத்து விளையாட்டு, கடைசியில் அணி பிரித்து வினாடி வினா.

அமர்வு எப்படிப் போகும்? முதலில் குழு தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். தானே ஒரு பாட்டையும் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டோடு ஆரம்பம். பிறகு ஒரு மெத்துப் பந்து வட்டத்தைச் சுற்றி வரும். பிடித்தவர் தன் பெயரைச் சொல்லலாம், பிடித்த பலகாரத்தைச் சொல்லலாம், சும்மா எறிந்தாலும் சரி. பந்து வரும்போது கை தானாக நீளும். அப்படிக் கை நீள்வதைப் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகளுக்கு அப்பாவிடம் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்பது உறைக்கும். கைப்பழக்கத்தை வைத்திருக்கும் நினைவு வேறு, நேற்று யார் வந்தார்கள் என்பதை வைத்திருக்கும் நினைவு வேறு. அல்சைமரில் முதலில் அடிவாங்குவது இரண்டாவது.

பழைய பலகை? அது இன்னும் இருக்கிறது. குழுவின் பெயர், தேதி, வானிலை எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆனால் அதை வைத்து யாரையும் பரீட்சை எழுத வைப்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி "வெயில் இப்பவே இப்படிக் கொளுத்துதே" என்று நடத்துபவர் சொன்னால், யாராவது "சித்திரை பொறந்தா அப்படித்தான்" என்பார். மாதம் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை.

இந்த முறையின் உயிர்நாடி, நடத்துபவர்களுக்கான கையேட்டில் உள்ள விதிகளில் ஒன்று: தகவலைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். முகங்கள் என்ற அமர்வில் இரண்டு பிரபலங்களின் படத்தை வைத்து, இவர் யார் என்று கேட்பதில்லை. யார் அழகு, இருவருக்கும் என்ன ஒற்றுமை, யாரோடு டீ சாப்பிடப் பிடிக்கும் என்பார்கள். இதை நம் ஊரில் நடத்தினால் எந்த இரண்டு படங்கள் மேஜைக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. எம்.ஜி.ஆரா சிவாஜியா என்ற வழக்கில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை, வரப்போவதும் இல்லை. மனைவி பெயர் நாக்கில் வராத ஒருவர்கூட அந்த வழக்கில் ஒரு கட்சி எடுப்பார். எடுத்ததோடு விடாமல், எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்து "உனக்கென்னய்யா தெரியும்" என்றும் சொல்வார். அதில் தப்பு என்று ஒன்று கிடையாது. தப்பு வந்துவிடுமோ என்ற பயம் போனால் வாய் திறக்கும்.

பணம் என்ற அமர்வைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இதையும் நம் ஊர்ச் சாமான்களோடு கற்பனை செய்கிறேன். மேஜையில் ஓர் ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அச்சடித்த வெண்கலக் காசு, நடுவில் பெரிய வட்டத் துளை. அப்போது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு காலணா; நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். இன்று எண்பதைத் தாண்டியவர் எல்லோரும் இந்தக் கணக்கில் கடைக்குப் போய் வந்த பிள்ளைகள். காசு கைமாறும்போது ஒருவர் அதைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்ப்பார். இன்னொருவர் தம்பியின் அரைஞாணில் இதைக் கோத்திருந்ததைச் சொல்வார். "இது எந்த வருஷத்துக் காசு?" என்று நடத்துபவர் கேட்கமாட்டார். "இதைக் குடுத்து என்ன வாங்கித் தின்னீங்க?" என்பார். கமர்கட், தேன்மிட்டாய், பொரிவிளங்காய் என்று ஒவ்வொன்றாக வரும். அங்கேயே விட்டுவிட்டால் அது வெறும் மலரும் நினைவு. அதனால் அடுத்ததாக ஒரு பத்து ரூபாய் நாணயத்தை அதன் பக்கத்தில் வைத்து, "இதுக்கு இப்ப ஒரு டீகூட வரலையே, நியாயமாய்யா இது?" என்பார். பேச்சு இன்றைய தேதிக்கு வந்துசேரும். பழசு இங்கே ஏறி வருவதற்கான படி. போய்த் தங்குகிற இடமாக அதை இந்த முறை வைத்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு அமர்வுக்கும் கையேட்டில் இரண்டு படித்தரம் உண்டு, குழுவின் நிலைக்கேற்பத் தேர்ந்தெடுக்க. கொள்கைகளின் பட்டியலில் மரியாதை, விருப்பத் தேர்வு, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுதல் இவற்றோடு 'வேடிக்கை' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. மருத்துவக் கையேடு ஒன்றில் வேடிக்கை கட்டாயம் என்று எழுதியதற்காகவே அந்தக் குழுவை எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் நல்லெண்ணத்தோடு செய்தவர்கள் முன்பும் உண்டு. ஸ்பெக்டர் குழு செய்த வித்தியாசம், இதை மருந்தைச் சோதிப்பதுபோலச் சோதித்தது. 23 இடங்கள், 201 பேர். குலுக்கல் முறையில் 115 பேர் சி.எஸ்.டி.க்கு, 86 பேர் வழக்கமான நடைமுறைக்கு. வழக்கம் என்றால் சில இடங்களில் பிங்கோ, பாட்டு, கைவேலை. பல இடங்களில் சும்மா உட்கார்ந்திருப்பது. 2003இல் முடிவு வந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகு, கலந்துகொண்டவர்கள் நினைவு, அறிவாற்றல் தேர்வுகள் இரண்டிலும் மற்றவர்களைவிட மேலே இருந்தார்கள். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களே கொடுத்த மதிப்பெண்ணும் கூடியிருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி மதிப்பெண்தான். அது டாக்டர் போட்டது அல்ல, மகள் போட்டது அல்ல.

எதில் மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வதிலும், பதற்றத்திலும் மனச்சோர்விலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. பந்து பிடிக்கக் கற்றவர் அதனால் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்ளப் போவதில்லை. பின்னர் அதே தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது அதிகப் பலன் மொழியில் தெரிந்தது: பேசுவது, சொன்னதைப் புரிந்து செய்வது. ஏழு வாரம் வட்டமாக உட்கார்ந்து வாதாடியவர்களுக்குப் பேச்சு தெளிந்தது என்றால், பேசாமல் வைத்திருந்ததால் எவ்வளவு மங்கிப்போயிருந்தது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

டோனெபெசில் என்ற அல்சைமர் மாத்திரை 1997இல் பிரிட்டனுக்கு வந்திருந்தது. அதன் விலையைப் பற்றியும் பலனைப் பற்றியும் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். சி.எஸ்.டி.யின் பலன் அந்த மாத்திரைகளின் பலனோடு ஒப்பிடத்தக்கது என்று 2003 ஆய்வு காட்டியது. கணக்கு இப்படி: ஆறு பேர் கலந்துகொண்டால் அதில் ஒருவருக்கு, இல்லாவிட்டால் கிடைத்திராத பலன். ஆறில் ஒன்றுதானா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், தாம் தினமும் விழுங்கும் மாத்திரைகளுக்கு இந்த எண் என்ன என்று ஒருமுறை விசாரித்துவிட்டு வரலாம். 2006இல் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு தன் வழிகாட்டு நெறிகளில், லேசான, நடுத்தர நிலையில் இருக்கும் மறதிநோயாளிகள் எல்லோருக்கும், மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், இப்படியொரு குழு அமர்வில் சேர வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுதியது. கையேடும் அதே ஆண்டில் வெளிவந்தது. பந்துக்கும் பாட்டுக்கும் அரசாங்கச் சீட்டு கிடைத்துவிட்டது.

ஏழு வாரம் முடிந்ததும் என்ன ஆகும் என்று பார்க்க 236 பேரோடு இன்னோர் ஆய்வு நடந்தது. 14 அமர்வு முடித்தவர்களில் பாதிப் பேர் வாரம் ஒன்றாக மேலும் 24 வாரம் தொடர்ந்தார்கள். 2014இல் வந்த முடிவின்படி ஆறு மாதக் கடைசியில் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. அறிவாற்றலில், மாத்திரையும் சாப்பிட்டவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

அடுத்து செய்ததுதான் எனக்குச் சுவாரசியமான தோல்வி. குழுவுக்கு வர முடியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காக இதையே வீட்டுக்குக் கொண்டுபோனால்? மனைவியோ மகனோ மகளோ எதிரே உட்கார்ந்து, வாரம் மூன்று முறை, அரைமணி நேரம், 25 வாரம். 356 ஜோடிகள். 2015இல் முடிவைப் பார்த்தால், நோயாளியின் அறிவாற்றலில் மாற்றம் இல்லை, வாழ்க்கைத் தரத்திலும் இல்லை. பலரால் வாரம் மூன்று முறை உட்காரவே முடியவில்லை என்பது ஒரு காரணம். சமையல், மருந்து, வேலை, தூக்கமில்லாத ராத்திரி இவற்றுக்கு நடுவே எங்கே உட்காருவது?

அது மட்டுமே காரணமாக எனக்குத் தோன்றவில்லை. குழுவில் பக்கத்தில் இருப்பவருக்கும் மறக்கிறது. அவர் உளறினால் இவர் சிரிக்கலாம். இவர் உளறினால் அவர் கண்டுகொள்ளப் போவதில்லை. வீட்டில் எதிரே இருப்பவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கேள்வியை எவ்வளவு பதமாகக் கேட்டாலும் அவர் மறுபடி ஆசிரியர், இவர் மாணவர். 'அதான் நேத்து சொன்னேனே' என்ற வார்த்தை தொண்டைவரை வந்து நிற்கும். ஆனாலும் அந்த ஆய்வில் ஒன்று கிடைத்தது. தம்மைப் பார்த்துக்கொள்பவரோடு உறவு நன்றாக இருக்கிறது என்று நோயாளிகள் சொன்னார்கள். பார்த்துக்கொள்பவர்களின் வாழ்க்கைத் தரமும் கொஞ்சம் உயர்ந்தது. அறிவாற்றல் எண்களைத் தேடிப்போனவர்களுக்கு இது ஏமாற்றம். ஒரே வீட்டுக்குள் இரவு பகலாக இருக்கும் இருவருக்கு அப்படியா என்பது வேறு விஷயம்.

லண்டனில் பிறந்தது மற்ற ஊர்களுக்கு ஒத்துவருமா? டான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலையடியில் உள்ள ஹாய் மாவட்டத்தில் முயன்றபோது முதல் பிரச்சினை எழுத்து. பள்ளிக்கூடம் போகாத முதியவர்கள் நிறைய. எழுத்து விளையாட்டு அங்கே செல்லாது. அமர்வுகளை அதற்கேற்ப மாற்றினார்கள். சென்னையில் இதைக் கையில் எடுத்தது ஸ்கார்ஃப். டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனம் அது; முதியோருக்கும் மறதிநோய்க்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் திட்டத்தைத் தழுவி, முன்னோட்டம் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பிறகு பிரேசில், இந்தியா, டான்சானியா மூன்றிலும் இதை நடைமுறைப்படுத்திப் பார்க்கும் திட்டத்தில், ஸ்பெக்டரின் குழுவோடு சென்னையும் சேர்ந்தது.

தேவை எவ்வளவு என்பதற்கு ஓர் எண். 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் மறதிநோய் உள்ளவர்கள் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். பெரும்பாலானவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், டி.வி.யின் முன்னால்.

நம் ஊரில் வேறொரு தடங்கலும் உண்டு. அப்பாவைப் பந்து விளையாட அனுப்புவதா என்று பிள்ளைகளுக்கு உறுத்தும். அந்த உறுத்தலில் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் 'பொழுதுபோக்கு' என்ற பெயரில் எல்.கே.ஜி. படப்புத்தகத்தையும் கலர் பென்சிலையும் முன்னால் வைத்து, "சமத்துப் பாட்டி!" என்று கன்னத்தைக் கிள்ளுவது நடக்கிறது. அறுபது வருடம் ஒரு குடும்பத்தை நடத்தியவருக்கு அது அவமானம் என்று புரிவதற்கு நினைவு தேவையில்லை. அந்த உணர்ச்சி கடைசிவரை இருக்கும். கிட்வுட்டின் பட்டியலில் குழந்தையாக்குதலுக்கு ஓர் இடம் இருந்தது இதனால்தான். விளையாட்டு சிறுபிள்ளைத்தனமாகிவிடாமல் காப்பாற்றுவது, அவருடைய கருத்துக்கு அதில் மதிப்பு உண்டா என்பதுதான். எம்.ஜி.ஆர் வழக்கில் பாட்டி ஒரு சாட்சி. படத்துக்கு வர்ணம் பூசும்போது அவர் யாரும் இல்லை.

எல்லோருக்கும் இது ஏற்றதும் அல்ல. முற்றிய நிலையில் இருப்பவர்களால் 45 நிமிடம் வட்டத்தில் உட்கார முடியாது. காது மந்தமானால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். பாதி அமர்வு "என்ன, என்ன" என்பதிலேயே போய்விடும். ஆயுள் முழுக்கக் கூட்டத்தைக் கண்டு ஒதுங்கியவரை எழுபத்தைந்தில் இழுத்துவந்து பாடச் சொல்வது வதை. நோயும் நிற்காது. 37 ஆய்வுகளை, 2,766 பேரை ஒன்றாக வைத்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பின்படி, அறிவுத்தூண்டலால் கிடைப்பது லேசான, நடுத்தர நிலையில் வழக்கமாக வரும் சரிவை ஏறத்தாழ ஆறு மாதம் தள்ளிப்போடுவதற்குச் சமம். அமர்வுகள் வாரத்துக்கு இரண்டாவது இருந்தால் பலன் கூடுவதாகவும் அது சொல்கிறது.

நடத்த மனநல மருத்துவர் வேண்டியதில்லை. பயிற்சி எடுத்த செவிலியரோ, பராமரிப்பு ஊழியரோ, சமூகப் பணியாளரோ போதும். இந்த ஒரு விஷயத்தில் ஃபோல்சம் 1958இல் சொன்னது அப்படியே நிற்கிறது. கோவிட் காலத்தில் வீடியோ வழியாக நடத்தும் முறையையும் உருவாக்கினார்கள். மற்றபடி செலவு என்று பார்த்தால் வெளிச்சமான ஓர் அறை, ஒரு பலகை, மெத்துப் பந்து ஒன்று, கொஞ்சம் பழைய காசு, காபி. பிறகு வாரம் இரண்டு முறை அப்பாவை வீட்டிலிருந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வண்டியும், அதற்காக அரைநாள் லீவு போடக்கூடிய ஓர் ஆளும். நம் ஊரில் இந்தக் கடைசி இரண்டும்தான் இடிக்கும்.